வெளிநடப்பு வாக்கு ஆகாது

(திருக்கழுக்குன்றத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சட்டமன்றமும் நாமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர், அங்கே போய் எதற்கு ஓட்டுப் போட்டார்?

இந்த ஊரில் ஒரு காலத்தில் உச்சிவேளையில் மலைமேல் கழுகுகள் வரும். வைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் பறந்துவிடும். கூடியிருந்தவர்கள் 'வந்ததா, வந்ததா' என்று கேட்டார்களே தவிர, எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. எம்எல்ஏவையும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம். கல்யாணத்துக்கு வந்தாரா, சாவுக்கு வந்தாரா, ஹைமாஸ்ட் விளக்கு போட்டாரா, ரேஷன் கடை கட்டடம் திறந்தாரா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் அவருடைய முதல் வேலை சட்டம் செய்வது. அந்த வேலையில் அவர் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் கடற்கரையிலேயே நடந்த ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிருந்து கல்பாக்கம் தாண்டி ஈசிஆரில் தெற்கே போனால் கூவத்தூர். 2017 பிப்ரவரியில் ஆளுங்கட்சியான அதிமுகவின் எம்எல்ஏக்களை அங்கே ஒரு சொகுசு விடுதியில் வைத்திருந்தார்கள். சொந்தத் தொகுதி மக்களே அவர்களைப் பார்க்க முடியவில்லை. எம்எல்ஏக்களின் செல்போன் எண்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. ஜனங்கள் நேரடியாகக் கூப்பிட்டு, 'யாருக்கு ஆதரவு தரப் போகிறீர்கள்' என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் வாக்காளர்கள் தங்கள் உறுப்பினரின் வாக்கைப் பற்றி இவ்வளவு பெரிய அளவில் கேள்வி கேட்டது அப்போதுதான். பல போன்கள் எடுக்கப்படவில்லை, அது வேறு விஷயம்.

பிப்ரவரி 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122, எதிராக 11. எதிர்க்கட்சிகள் ரகசிய வாக்கெடுப்பு கேட்டன, சபாநாயகர் தனபால் மறுத்தார். இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ரகசியமாக நடத்தினால் கட்சித் தலைமையின் பிடியிலிருந்து உறுப்பினர் தப்பிக்கலாம். ஆனால் அதே ரகசியம் நம்மிடமிருந்தும் அவரைத் தப்பிக்க வைக்கும். நம் சட்டமன்றத்தில் உறுப்பினரின் வாக்கு, கட்சிக்குத் தெரியாமல் இருந்தால்தான் சுதந்திரமாக இருக்கும் என்ற நிலை எப்படி வந்தது?

1985இல் 52ஆவது அரசமைப்புத் திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதைத்தான் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோம். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். வாக்களிக்காமல் விலகி நின்றாலும் போகும். காசுக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம்தான், தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதன் விலையை நாமே கொடுத்தோம். இந்த ஊர் இருக்கும் திருப்போரூர் தொகுதிக்கு அப்போது எம்எல்ஏ மு.கோதண்டபாணி. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர்களில் 18 பேரைச் செப்டம்பர் 18ஆம் தேதி சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். அவர்கள் அவையில் கொறடாவை மீறி வாக்களிக்கவில்லை, மனுதான் கொடுத்தார்கள். உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள். 2018 அக்டோபர் 25ஆம் தேதி மூன்றாவது நீதிபதி, தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் முடிவு வந்தது 2019 மே மாதம். ஆக இருபது மாதம் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. அவர் மனுக் கொடுத்தது சரியா தப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் எந்தத் தெருவில் கூட்டம் போட்டு நம்மைக் கேட்டார்? நீக்கியவர்கள்தான் நம்மைக் கேட்டார்களா?

நம்பிக்கை வாக்கெடுப்பு எப்போதோ ஒருமுறை நடப்பது. சாதாரண நாளில் சட்டம் எப்படி நிறைவேறுகிறது? சபாநாயகர், 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்பார். ஒரு சத்தம் வரும். 'மசோதா நிறைவேறியது' என்பார். இதுதான் குரல் வாக்கெடுப்பு. யார் ஆம் என்றார்கள், யார் வாயே திறக்கவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா இப்படித்தான் நிறைவேறியது. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய சட்டம் அது. காண்ட்ராக்டில் எடுக்கப்படுகிறவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து போகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திமுகவின் கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் ஆகியவை எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில், 24ஆம் தேதி, முதலமைச்சர் மசோதாவை நிறுத்திவைத்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நமக்குக் கிடைத்த வெற்றிதான், சந்தேகமில்லை.

ஆனால் இன்று ஒருவர், 'அந்த மசோதாவை ஆதரித்த எம்எல்ஏக்களின் பட்டியலைக் கொடு' என்று கேட்டால், கொடுக்கப் பட்டியல் இல்லை. அத்தனை பேரும் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். எதிர்த்தவர்களின் பெயரும் 'இல்லை' என்ற பக்கத்தில் கிடையாது, அவர்கள் வெளியே இருந்தார்கள். வெளியே போவதற்குப் பதில் ஒருவர் எழுந்து, 'எண்ணிக் கணிக்க வேண்டும், டிவிஷன் வேண்டும்' என்று கேட்டிருக்கலாம். மசோதா அப்போதும் நிறைவேறியிருக்கும். ஆனால் ஆதரித்த ஒவ்வொருவரும் தன் இடத்தில் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

'வெளிநடப்புத்தான் ஜனங்களுக்குப் புரிகிற மொழி, மறுநாள் பேப்பரில் அதுதான் வரும்' என்று தோழர்கள் சொல்வார்கள். உண்மை. அன்றைய செய்திக்கு வெளிநடப்பு போதும். பத்து வருடம் கழித்துக் கணக்குக் கேட்பதற்குப் போதாது.

இதைவிடக் கசப்பான உதாரணம் 2019 ஜனவரி 8. உயர்சாதி ஏழைகளுக்குப் பத்து சதவீத இடஒதுக்கீடு தரும் அரசமைப்புத் திருத்தம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அரசமைப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், ஆகவே தலையை எண்ணித்தான் ஆக வேண்டும். ஆதரவு 323, எதிர்ப்பு 3. அந்த மூன்று பேர் ஐதராபாத்தின் ஒவைசியும் கேரளத்தின் முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் இருவரும். வகுப்புரிமையைப் பிறப்பித்த மண் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டிலிருந்து, 'இல்லை' என்ற பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. அப்போது அதிமுகவுக்கு அங்கே 37 பேர் ஜெயித்து வந்திருந்தார்கள், நம் காஞ்சிபுரம் தனித் தொகுதியும் அதில் ஒன்று. எதிர்த்துப் பேசினார்கள், பிறகு வெளிநடப்புச் செய்தார்கள். அந்த அவையில் திமுகவுக்கு உறுப்பினரே இல்லை. மறுநாள் மாநிலங்களவையில், மசோதாவைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கனிமொழி தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. அங்கே 165க்கு 7 என்று திருத்தம் நிறைவேறியது. தோற்றாலும் அந்த ஏழு என்ற எண் நிற்கிறது. வெளியே போனவர்களுக்கு எந்த எண்ணும் இல்லை.

கொறடாவின் பிடி 1985இல் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஆட்களின் கழுத்தில் அது முன்பே விழுந்துவிட்டது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவின் கதையைப் பாருங்கள். 1932இல் ராஜா – மூஞ்சே ஒப்பந்தம் செய்து, தனித் தொகுதி முறையைக் கைவிட்டு, ரிசர்வ் இடங்களோடு கூட்டுத் தொகுதி போதும் என்றவர் அவர். அம்பேத்கரோடு அதில் முரண்பட்டவர். பூனா ஒப்பந்தத்தில் சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன. 1937 தேர்தலில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் பிடித்தது.

1938இல் ராஜா சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதமராக இருந்த ராஜாஜி, மலபாருக்கு மட்டும் தனியாகச் சட்டம் வரும், இதைத் திரும்பப் பெறுங்கள் என்றார். ராஜா மறுத்து, வாக்கெடுப்புக்கு விட்டார், தோற்றார். தோற்கடித்த கைகளில் காங்கிரஸ் சின்னத்தில் ஜெயித்த தாழ்த்தப்பட்ட உறுப்பினர்களின் கைகளும் இருந்தன. கோயிலுக்குள் தங்கள் சொந்த ஜனங்கள் போவதற்கு எதிராக அவர்களைக் கை தூக்க வைத்தது கட்சிக் கட்டுப்பாடு. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. ரிசர்வ் தொகுதியில் ஜெயித்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று அம்பேத்கர் பிற்காலத்தில் எழுப்பிய கேள்விக்கு இந்த வாக்கெடுப்பு ஒரு சாட்சி.

ராஜா தோற்றார், ஆனால் வாக்கெடுப்பு வரை போனார். அதனால்தான் 80 வருடங்களுக்கு மேல் கழித்தும் நாம் அதைப் பேச முடிகிறது. மசோதாவைத் திரும்பப் பெற்றிருந்தால் யார் எதிர்த்தார் என்ற தடயமே இருந்திருக்காது.

இன்னொருவர், மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். சட்டமன்றத்தில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை, அரசாங்கம் நியமித்தவர். சட்டப்படி அவர் எந்த வாக்காளருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. 1924 ஆகஸ்ட் 22ஆம் தேதி அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையில், தெருவில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்குப் போகவும் தடையில்லை என்பது அதன் சாரம். வைக்கத்தில் தெருவில் நடக்கப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு. தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பர் 25ஆம் தேதி அரசாணையாக வந்தது. இன்றைக்கும் ஊர்த்தெருவில் செருப்போடு நடந்ததற்கு அடி விழுந்தது என்று செய்தி வருகிறது. ஆனால் அடித்தவனுக்கு எதிராக நீட்டிக் காட்ட நம்மிடம் இருந்த முதல் காகிதங்களில் ஒன்று அது.

அவர் சட்டமன்றத்துக்குப் போவதற்கு முப்பது வருடம் முன்பே, 1893இல், 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1900 வரை நடத்தினார். வைதார்கள், வழக்குப் போட்டார்கள், நிறுத்தவில்லை. கடைசிக் காலத்தில், 1939இல், தன் வாழ்க்கையைச் சிறு புத்தகமாக எழுதி அச்சிட்டுக் கொடுத்தார். ஓட்டு வாங்காத மனிதர் கணக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதைக்கு வருகிறேன். தலித் கட்சிகளுக்குச் சொந்தச் சின்னம் ஏன் உயிர்ப் பிரச்சினை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சின்னம் சுவரொட்டிக்கு மட்டுமானது இல்லை, கொறடா யார் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. 2021இல் மதிமுகவினர் நான்கு பேர் உதயசூரியனில் ஜெயித்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் திமுக உறுப்பினர்கள். அதே தேர்தலில் விசிக பானைச் சின்னத்தில் நான்கு இடம் ஜெயித்தது. ஒன்று செய்யூர் தனித் தொகுதி, இன்னொன்று பொதுத் தொகுதியான நம் திருப்போரூர். எஸ்.எஸ்.பாலாஜி இங்கே ஜெயித்தது இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். 2001இல் உதயசூரியனில் மங்களூர் தொகுதியில் ஜெயித்த திருமாவளவன், 2004இல் அந்தப் பதவியையே விட்டு வெளியேறினார். ஆகவே கூட்டணியில் இருந்துகொண்டே எதிர்த்து நிற்கிற உரிமை, பானையோடு வந்த உரிமை. அது இருக்கும்போது எண்ணிக் கணிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நம் தரப்பு உறுப்பினர்களிடம்தான் முதலில் எதிர்பார்க்க முடியும். எதிரியிடம் கணக்குக் கேட்பது சுலபம். நம்மவரிடம் கேட்பதுதான் அரசியல்.

நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. கொறடா கட்டுவது வாக்கைத்தான். கேள்விக்கும் கவன ஈர்ப்புத் தீர்மானத்துக்கும் மானியக் கோரிக்கைப் பேச்சுக்கும் பத்தாவது அட்டவணையில் தண்டனை இல்லை. 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது, அவைக் குறிப்புகள் அச்சில் வருகின்றன. நான் ஆய்வுக்காக அவற்றைப் படிக்கிறேன். படிக்க முனைவர் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

இந்த வட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள். நம் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஒரு கூட்டத்தொடரில் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது பஞ்சமி நிலம். அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். மாமல்லபுரம் பக்கத்துக் காரணை, நமக்குத் தூரமில்லை. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்திலிருந்து போன ஒவ்வொரு உறுப்பினரும் பஞ்சமி நிலம் பற்றி எத்தனை கேள்வி கேட்டார்? முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். சைபர் என்றால் சைபர் என்று எழுதுங்கள்.

ஊராட்சித் தலைவருக்குக் கிராம சபை இருக்கிறது, வரவுசெலவை வாசித்தாக வேண்டும். எம்எல்ஏவுக்கு அப்படி எந்தச் சபையும் இல்லை. இங்கிலாந்தின் மக்களவை 1836 முதல் யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலை வெளியிட்டுவருகிறது. நாம் கேட்பது அவ்வளவுதான். சட்ட மசோதாக்களில் பெயரோடு வாக்குப் பதிவு வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை எம்எல்ஏ தொகுதி மக்கள் முன் நின்று, தமிழில் எழுதிய கணக்கை வாசிக்க வேண்டும். ஊர்த்தெருவில் ஒரு கூட்டம் போட்டால், சேரித்தெருவிலும் ஒரு கூட்டம் போட வேண்டும். அடுத்து ஓட்டுக் கேட்டு வேன் வரும்போது, துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு நம் நோட்டை நீட்டுங்கள்.