கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால…

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சட்ட விழிப்புணர்வு அமர்வில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பரஸ்பர சம்மத விவாகரத்து’. விழா மேடையில இதைப் பேசலாமான்னு சிலர் கேட்டாங்க. பேசித்தான் ஆகணும். சங்கக் கூட்டத்துல கடன் கணக்கெல்லாம் முடிஞ்சு, நோட்டை மூடி வெச்ச பிறகு, மெதுவா வர்ற பேச்சு இதுதானே? நான் வக்கீல் இல்லை. சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி எடுத்தவள். கத்துக்கிட்டதைச் சொல்கிறேன்.

முதலில் நம்ம பக்கத்து வழக்கம். புருஷன் பொண்டாட்டிக்கு ஒத்துவரலேன்னா பெரியவங்க கூடிப் பேசி, முத்திரைத் தாள்ல ‘இனி இவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, ‘அத்துவிட்டாச்சு’ என்பார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் ஆகாது. ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக அப்படி ஒரு வழக்கம் இருந்தால் இந்து திருமணச் சட்டம் அதை ஏற்கும். ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபிக்கணும். அது லேசுப்பட்ட காரியமில்லை.

தாளை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்றமும் ஆகும். அதைவிட, நாளைக்கு அந்த ரெண்டாவது கணவர் இறந்துபோனால் வாரிசுச் சான்றிதழில் அந்தப் பொண்ணு பேர் வராது. பத்து வருஷம் சோறாக்கிப் போட்டவள் தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கணும்.

சரி, சட்டத்துல என்ன வழி? 1949-லேயே சென்னை மாகாணம் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. 1955-ல் நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம் வந்தது. ஆனால் ‘ரெண்டு பேருக்கும் ஒத்துவரல’ என்று மட்டும் சொல்லி அப்போது பிரிய முடியாது. ஒருத்தர் மேல ஒருத்தர் குற்றம் சாட்டி நிரூபிக்கணும். 1976-ல்தான் 13பி என்ற பிரிவைச் சேர்த்து, இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்றார்கள்.

அதற்கு மூன்று நிபந்தனை. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்கணும். இனி சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்கணும். பிரியுறதுக்கு ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கணும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிந்து வாழ்ந்ததுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போக்கிடம் இல்லாத நம்ம பெண்களுக்கு இது முக்கியம்.

மனு போட்ட பிறகு ஆறு மாசம் காத்திருக்கணும். பதினெட்டு மாசத்துக்குள்ள ரெண்டு பேரும் மறுபடி போய் ‘எங்க முடிவு இதுதான்’ என்று சொல்லணும். நடுவில் ஒருத்தர் மனசு மாறி சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் தீர்ப்பு கிடைக்காது. ஏற்கெனவே ஒன்றரை வருஷத்துக்கு மேல பிரிந்திருந்து, சமரசமும் பலிக்காமல், ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் பேசி முடித்திருந்தால், அந்த ஆறு மாசத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால், நீதிமன்றம் அனுமதித்தால் காணொளி வழியாக ஆஜராகலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

கிறிஸ்தவர்களுக்கு 2001-ல் இந்த வழி வந்தது. சட்டப் புத்தகத்தில் ரெண்டு வருஷப் பிரிவு என்று இருக்கிறது. இஸ்லாமியர்களுக்கு இருவரும் ஒத்துப் பிரியும் ‘முபாரத்’தும், மனைவி கேட்டுப் பெறும் ‘குலா’வும் உண்டு. ஆனால் தனியார் அமைப்பு கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றம்தான் போகணும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெண்ணின் வாழ்க்கையைப் பேசும் இடத்தில் பெண்ணே இல்லையே என்று கேட்டு, பெண்களுக்கென்று தனி ஜமாத் தொடங்கிய தாவூத் ஷரீஃபா கானம் நம்ம புதுக்கோட்டைக்காரர்தான்.

இப்போ முக்கியமான கேள்வி. இந்த வழி யாருக்குப் பொருந்தும்?

அடிக்கும் பயத்தில் தலையாட்டினால் அது சம்மதம் இல்லை. ‘ஒத்துக்கிட்டாத்தான் பிள்ளையைக் காட்டுவேன்’ என்று மிரட்டி வாங்குவதும் சம்மதம் இல்லை. அடி உதை இருந்தால் முதலில் பாதுகாப்பு. 181-க்குக் கூப்பிடுங்க. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. விவாகரத்தைப் பிறகு பார்க்கலாம். கணவர் எங்கே போனார் என்றே தெரியாவிட்டாலும் இந்த மனு போட வழியில்லை. அதற்கு வேறு மனு.

ரெண்டு பேரும் நிஜமாகவே பிரிய நினைத்து, கொடுக்கல் வாங்கலையும் பேசி முடிக்க முடியும் என்றால் இந்த வழி நல்லது. ஒருத்தரை ஒருத்தர் கோர்ட்டில் அசிங்கப்படுத்த வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளைகள் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியதில்லை.

ஆனால் எதையெல்லாம் பேசி முடிக்கணும்? போட்ட நகை, சீர் சாமான், பிள்ளை யாரிடம், படிப்புச் செலவு யாருது, பார்க்க வருவது எப்போ, மாதாமாதமா மொத்தமாகவா. அதோடு நம்ம சங்கக் கடனையும் சேருங்க. கடன் உங்க பேர்ல, பணம் போனது அவர் வண்டிக்கு என்றால், தவணை யார் கட்டுவது என்று எழுதியே ஆகணும். நாளைக்கு வங்கி உங்களைத்தான் கேட்கும்.

‘ஜீவனாம்சம் வேண்டாம்’ என்ற வரியில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. சம்மதத்தோடு விவாகரத்து பெற்றவளும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல், மறுமணமும் செய்யாமல் இருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அதுவே தடையாக வந்து நிற்கும். பிள்ளைக்கான செலவு பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்குக்கூட அதிகாரமில்லை. பேசிய பணம் வாய்ப்பேச்சில் நிற்கக் கூடாது. கடைசி விசாரணைக்குள் கைக்கு வரும்படி மனுவிலேயே எழுதச் சொல்லுங்க.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இல்லேன்னா 15100-க்குப் போன் போடுங்க. கணவர் வீட்டார் பிடித்துத் தந்த ஒரே வக்கீல் ரெண்டு பேருக்கும் எழுதினாலும், உங்க பக்கத்துக்கு ஒருத்தர் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

அஞ்சாயிரம் ரூபாய் உள்கடன் கொடுக்கவே நாம தீர்மானம் எழுதி, சத்தமாகப் படித்து, எல்லோரும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு வாழ்க்கையைப் பிரிக்கிற தாளுக்கு அதைவிடக் குறைவாகவா? நம்ம உறுப்பினர் ஒருத்தி அந்தத் தாளோடு வந்தால், ‘அனுசரிச்சுப் போ’ என்றோ ‘உதறிட்டு வா’ என்றோ நாம முடிவு சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுவோம். முடிவு அவளுடையது.