மூன்று பகடைகளும் ஒரு தாயின் கேள்வியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சூதாட்டம் ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும், பணம் வைத்து ஆடுவதுதானே ஹராம், ஆடக் கற்றுக்கொள்வதில் என்ன குற்றம் என்று வினவும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். வெளிநாட்டில் தொழில்புரியும் தம் மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருப்பதும் இதே கேள்விதான். உடன் தங்கியிருப்போர் சீனர்களின் பழைய பகடை விளையாட்டு ஒன்றை அவனுக்குக் கற்றுக்கொடுக்கின்றனராம். பணம் வைப்பதில்லையாம், தீக்குச்சிகளையே பந்தயமாக வைக்கின்றனராம். "உம்மா, இது வெறும் கணக்கு, மூளைக்கு நல்ல பயிற்சி" என்று அவன் தொலைபேசியில் கூறுகின்றானாம். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதே அத்தாயின் கவலை.

'ஹராம்' என்னும் ஒரே சொல்லோடு இதனை முடித்துவிடலாம். எனினும், கணக்கு என்று சொல்பவனுக்குக் கணக்கைக் கொண்டே விடை கூறுவது பொருத்தமானது.

அவ்விளையாட்டின் பெயர் 'ஸிக் போ'. பெரியது, சிறியது என்று பொருள்படும் 'தாய் ஸாய்' என்ற பெயரும் அதற்கு உண்டு. மூன்று பகடைகளை ஒரு மூடிய பாத்திரத்தினுள் இட்டுக் குலுக்குவர். மூடியைத் திறக்குமுன் ஆடுவோர் தத்தம் பந்தயத்தை மேசையில் வைத்துவிட வேண்டும். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை வந்தால் அது 'சிறியது'. 11 முதல் 17 வரை வந்தால் அது 'பெரியது'. சரியாகச் சொன்னவருக்கு வைத்த பணத்துடன் அதேயளவு பணம் கிடைக்கும். மூன்றிலும் ஒரே எண் விழுமாயின், பெரியது என்றவரும் தோற்பார், சிறியது என்றவரும் தோற்பார். இவ்வளவுதான் இதன் அடிப்படை. பத்து நிமிடத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மூன்று பகடைகளும் விழக்கூடிய வகைகள் மொத்தம் 216. அவற்றுள் 105 வகைகள் பெரியது. 105 வகைகள் சிறியது. எஞ்சிய 6 வகைகளில் மூன்றும் ஒரே எண். ஒருவர் ஒவ்வொரு முறையும் 'பெரியது' என்று நூறு ரூபாய் வீதம் 216 முறை வைக்கிறார் என்று கொள்வோம். சராசரியாக 105 முறை வென்று 10,500 ரூபாய் பெறுவார். 111 முறை தோற்று 11,100 ரூபாய் இழப்பார். அவருக்கு நட்டம் 600 ரூபாய். மேசைக்குரியவனுக்கோ அது இலாபம்.

அற்ப நட்டந்தானே என்று எண்ண வேண்டாம். அந்த மேசையில் இதுவே மிகக் குறைந்த நட்டமுள்ள பந்தயம். மூன்றிலும் ஆறு விழும் என்று குறிப்பாகச் சொல்லிப் பந்தயம் வைப்பவருக்குப் பல மேசைகளில் 150 மடங்கு தருவதாக ஆசை காட்டுவர். ஆனால் அது 216இல் ஒருமுறையே விழத்தக்கது. அதே நூறு ரூபாய் வீதம் 216 முறை வைப்பவர், சராசரியாக ஒருமுறை வென்று 15,000 ரூபாய் பெறுவார். 215 முறை தோற்று 21,500 ரூபாய் இழப்பார். நட்டம் 6,500 ரூபாய். ஆசை பெரிதாகப் பெரிதாக நட்டமும் பெரிதாகும் வகையிலேயே அம்மேசை அமைக்கப்பட்டிருக்கிறது.

நேயர்களே! தச்சுத்தொழில் கற்பவனுக்கு நாள் செல்லச் செல்லக் கை திருந்துகிறது. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைக்கு ஓத ஓத நாவு திருந்துகிறது. ஸிக் போ ஆடுபவனுக்கு எது திருந்துகிறது? இருபது வருடம் ஆடியவனுக்கும் இன்று கற்றவனுக்கும் 216இல் 105 என்பது மாறுவதே இல்லை. ஐந்து முறை தொடர்ந்து 'பெரியது' விழுந்துவிட்டது, இனிச் 'சிறியது' விழுந்தே தீரும் என்று மனம் கூறும். முன்னர் விழுந்தவற்றை எழுதிக் காட்டும் பலகைகளையும் சூதாட்ட மண்டபங்களில் வைத்திருக்கின்றனர். ஆனால் பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஆறாவது முறையும் அதே 105தான்.

கணக்கு அறிந்தவன் தப்பிவிடுவான் என்பதும் உண்மையன்று. இத்தாலியில் 1501 முதல் 1576 வரை வாழ்ந்த கார்டானோ என்பவர் வைத்தியர், பெரும் கணித மேதை. பகடைகள் விழும் வகைகளை எண்ணிக் கணக்கிட்டு நூல் எழுதிய முன்னோடி அவர். அந்த மேதையே பல்லாண்டுகள் சூதில் மூழ்கி, நற்பெயரையும் காலத்தையும் பொருளையும் இழந்ததாகத் தமது சுயசரிதையில் வருந்தி எழுதியிருக்கிறார். கணக்கு அவருடைய அறிவில் இருந்தது. ஆசையோ அவருடைய கையில் இருந்தது.

நமது இமாம்கள் இவ்விடயத்தை எவ்வளவு நுட்பமாக நோக்கியுள்ளனர் என்பதைக் கவனியுங்கள். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபுகஹாக்கள் விளையாட்டுகளை ஆராயும்போது, சிந்தனையையும் கணக்கையும் அடிப்படையாகக் கொண்டவை வேறு, வெறும் ஊகத்தை அடிப்படையாகக் கொண்டவை வேறு என்று பிரித்துப் பார்த்தனர். பகடை ஆட்டமாகிய 'நர்த்' இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனை ஆடுபவர் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் தம் கையைத் தோய்த்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதனை ஆதாரமாகக் கொண்டே பெரும்பான்மையான அறிஞர்கள் நர்த் ஹராம் என்றனர். ஆகவே, 'இது கணக்கு' என்று அந்த மகன் சொல்லும் வாதம் இங்கு நிற்காது. கணக்கு மேசையை அமைத்தவனுடையது. ஆடுபவனுக்கு எஞ்சுவது ஊகம் மட்டுமே.

சரி, தீக்குச்சி வைத்து ஆடுகையில் அவன் உண்மையில் கற்பது எதனை? பந்தயம் வைக்கக் கற்கிறான். தோற்றதை அடுத்த முறையில் மீட்கலாம் என்று நம்பக் கற்கிறான். தீக்குச்சி நாணயமாக மாறுவதற்கு இன்னும் ஒரே ஓர் அழைப்புத்தான் தேவை. "வா, சூதாடுவோம்" என்று தோழனை வாயால் அழைத்தவர்கூட அதற்குப் பரிகாரமாக ஸதகா கொடுக்கட்டும் என நபியவர்கள் பணித்தமை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காணப்படுகிறது. ஆட்டம் தொடங்கவில்லை, ஒரு சதமும் கைமாறவில்லை, சொல்லுக்கே பரிகாரம். அழைப்பே இத்துணை பாரதூரமானதெனில், அவ்வழைப்புக்காகக் கையைப் பழக்கி வைத்திருப்பது எத்தகையது?

இவ்விளையாட்டின் தாயகத்தாரும் இதன் தீங்கை அறியாதவர்கள் அல்லர். சீனப் பெருநிலத்தில் சூதாட்ட மண்டபங்கள் இன்றும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. மக்காவுவில் மட்டுமே அவற்றுக்கு அனுமதி உண்டு. சீனர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு இரு மண்டபங்கள் திறக்கப்பட்டன. அவ்வரசாங்கம் தன் சொந்தப் பிரஜைகள் உள்ளே நுழைவதற்கு ஒரு நாளுக்கு நூறு டொலர் கட்டணம் விதித்தது. 2019இல் அதனை 150 டொலராக உயர்த்தியது. குடும்பத்தினர் விண்ணப்பித்துத் தம் உறவினர் ஒருவர் அங்கு செல்வதைத் தடைசெய்விக்கவும் வழி வைத்திருக்கிறது. அனுமதி வழங்கிய அரசாங்கமே மனைவி மக்களின் கண்ணீரை எதிர்பார்த்துச் சட்டம் செய்திருக்கிறது என்றால், இதற்குமேல் சாட்சியம் வேண்டுமா?

சூதாட்டத்தைக் குர்ஆன் 'மைஸிர்' என்கிறது. இலகு என்று பொருள்படும் 'யுஸ்ர்' என்னும் சொல்லோடு இதனை அறிஞர் சிலர் தொடர்புபடுத்துவர். உழைப்பின்றி இலகுவாக வரும் பொருள் என்பது கருத்து. சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம், இதில் சில பயன்கள் இருப்பதை மறுக்காமலே, பாவம் பயனைவிடப் பெரிது என உணர்த்துகிறது. சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களோ பகைமை, வெறுப்பு, அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுத்தல் ஆகிய விளைவுகளை எடுத்துரைக்கின்றன. இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. தீக்குச்சி ஆட்டத்திலும் அஸர் தவறலாம். நண்பன்மீது சினம் மூளலாம்.

ஆகவே அன்புத் தாயே! தங்கள் மகனைக் கடிந்து பேச வேண்டாம். அவன் தனிமையில் இருக்கிறான். வேலை முடிந்த மாலைப்பொழுது நீண்டது. மேலே சொன்ன கணக்கை அவனிடமே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை பேசும் தாங்கள் இருமுறை பேசுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் கற்க அந்நாட்டு மொழி இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, அல்லாஹ்வின் வேதம் இருக்கிறது. இவை யாவும் கற்கக் கற்கக் கற்பவனிடமே தங்குபவை.

வெளிநாடுகளில் வியர்வை சிந்தி உழைக்கும் நம் பிள்ளைகளின் ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களின் கைகளையும் காலத்தையும் வீணானவற்றிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.