2010: ஐஸ்ல ஒரு வெள்ளி, சக்கரத்துல ரெண்டு வெண்கலம்

இன்னைக்கு டாபிக் ஐஸ் டான்ஸ். போச்சம்பள்ளியில உக்காந்துக்கிட்டு ஐஸ் டான்ஸ் பத்திப் பேசுறியான்னு சிரிக்காதீங்க. காரணம் இருக்கு. 2010 பிப்ரவரியில ஒரு அமெரிக்க ஜோடி இந்திய சினிமாப் பாட்டுக்கு ஐஸ்ல ஆடி, ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கிச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஒரு இந்திய ஜோடி, ஐஸ் இல்லாம சக்கரத்துல ஆடி, ஆசிய விளையாட்டுப் போட்டியில வெண்கலம் வாங்கிச்சு. முதல் வீடியோவை நம்மள்ல நிறைய பேர் பார்த்திருப்போம், ஷேர் பண்ணியிருப்போம். ரெண்டாவது ஜோடியோட பேர் யாருக்காவது தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்த எபிசோட்.

ஐஸ் டான்ஸ்னா என்ன?

ஃபிகர் ஸ்கேட்டிங்ல ஜோடியா ஆடுறது ரெண்டு வகை. ஒண்ணு பேர்ஸ். அதுல பையன் பொண்ணைத் தலைக்கு மேல தூக்குவான், தூக்கி எறிவான், அவ காத்துல சுத்தி ஒத்தைக் கால்ல வந்து இறங்குவா. பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கும். இன்னொண்ணு ஐஸ் டான்ஸ். இதுல தூக்கி எறியக் கூடாது, பெரிய ஜம்ப் கிடையாது, தூக்குறதுலயும் கை தன் தலையைத் தாண்டி மேல போகக் கூடாது. ரெண்டு பேரும் ரொம்ப தூரம் பிரியவும் கூடாது.

அப்போ இதுல என்னதான் கஷ்டம்? கால்தான் கஷ்டம். ஸ்கேட்டோட பிளேடு கத்தி மாதிரி ஒரே முனை கிடையாது. அடியில நடுவுல ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் ரெண்டு ஓரம். உள் ஓரமா, வெளி ஓரமா, எதுல சாய்ஞ்சு போறோம்ங்கிறதுதான் மார்க். ட்விஸில்னு ஒண்ணு இருக்கு. ஒத்தைக் கால்ல பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே நகரணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே வேகத்துல, பக்கத்துப் பக்கத்துல. ஒருத்தர் கால் நொடி லேட் ஆனாக்கூட பால்கனியில இருக்கிறவனுக்கும் தெரிஞ்சிரும். ஐஸ் டான்ஸ் பிளேடு பின்பக்கம் மத்த பிளேடை விட கொஞ்சம் குட்டை. அவ்வளவு நெருக்கமா ஆடும்போது ஜோடியோட பிளேடுல மோதிடக் கூடாதுன்னுதான்.

இது ஒலிம்பிக்குக்கு வந்தது 1976-ல, இன்ஸ்ப்ரக்ல. அதுல இருந்து 2010 வரைக்கும் அமெரிக்காவுக்கு இதுல ஒரு தங்கம் கூடக் கிடையாது.

நெத்தியில ஸ்டிக்கர்

இப்போ நம்ம ஜோடிக்கு வருவோம். மெரில் டேவிஸ், சார்லி வைட். ரெண்டு பேரும் மிச்சிகன். 1997-ல ஜோடி சேர்த்து விட்டாங்க, அப்போ பத்து வயசு கூட ஒழுங்கா ஆகல. மெரில் பயங்கர கூச்சம். ஆடும்போது ஜோடியோட கண்ணைப் பார்க்கணும், இவங்களால முடியல. கோச் என்ன பண்ணார்னா, நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டி விட்டார். கண்ணைப் பார்க்க வேணாம், ஸ்டிக்கரைப் பாருன்னு. அங்க ஆரம்பிச்ச ஜோடி 17 வருஷம் பிரியாம ஆடிச்சு. ஆபீஸ்ல பேர் புரோகிராமிங்னு ரெண்டு பேரை ஒரே கீபோர்டு முன்னாடி உக்கார வெச்சா மூணாவது நாளே மேனேஜர்கிட்ட போறோம், 17 வருஷம் யோசிச்சுப் பாருங்க.

அவங்க ட்ரெயினிங் எடுத்தது மிச்சிகன்ல கேன்டன்ங்கிற ஊர்ல. கோச் இகோர் ஷ்பில்பான்ட், மரீனா ஸுயேவா. இதுல ட்விஸ்ட் என்னன்னா, இவங்களோட பெரிய எதிரி ஜோடி, கனடாவோட டெஸ்ஸா விர்ச்சூ - ஸ்காட் மோயர், அவங்களும் அதே ரிங்க், அதே கோச். எதிரி என்ன பண்றான்னு தெரிஞ்சுக்க உளவாளி வேணாம், தலையைத் திருப்பினாப் போதும். தினமும் உலகத்துல பெஸ்ட் ஜோடி பக்கத்துலயே பிராக்டிஸ் பண்ணிட்டு இருக்கு. ரெண்டு ஜோடியும் மேல போனதுக்கு இது ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

தீம்: நாட்டுப்புறம்

2009-10 சீசன்ல ஐஸ் டான்ஸ்ல மூணு ரவுண்டு இருந்துச்சு. நடுவுல வர்றது ஒரிஜினல் டான்ஸ். அந்த வருஷம் அதுக்குக் கொடுத்த தீம் நாட்டுப்புற நடனம். டேவிஸ் - வைட் ஜோடி இந்தியாவை எடுத்தாங்க. பாட்டு எதுன்னா, 'தேவதாஸ்' படத்துல ரெண்டு, 'பண்ட்டி அவுர் பப்ளி' படத்துல இருந்து 'கஜ்ரா ரே'.

உடனே நமக்கு ஒரு கேள்வி வரும், வரணும். இது எப்படிங்க ஃபோக்? கிருஷ்ணகிரி - தருமபுரி பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஆளுகிட்ட வந்து ஹிந்தி சினிமாப் பாட்டைப் போட்டு, இதுதான் இந்தியாவோட நாட்டுப்புறக் கலைன்னா எப்படி இருக்கும்? கட்டை வேஷக்காரர் சுத்துற சுத்தைப் பார்த்திருந்தா ட்விஸிலுக்கு அதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைச்சிருக்காதுன்னு கூடத் தோணுது. இந்தியான்னா பாலிவுட், அவ்வளவுதான்னு வெளிய ஒரு நினைப்பு இருக்கு, அது இதுலயும் இருக்கு. அந்தக் குறை நியாயமான குறை.

ஆனா அவங்க ஒண்ணு பண்ணாங்க. மிச்சிகன்லயே இருந்த இந்திய வம்சாவளி நடன ஆசிரியர் அனுஜா ராஜேந்திராகிட்ட போய்க் கத்துக்கிட்டாங்க. கை எப்படித் திரும்பணும், கழுத்து எப்படி அசையணும், கண்ணு எங்க போகணும். வீடியோவுல அது தெரியும். ஐஸ்ல வேகமாப் போகும்போது உடம்பு தானா பேலன்ஸுக்குக் கையை விரிக்கப் பார்க்கும். அந்த நேரத்துல விரலை மடக்கி முத்திரை பிடிக்கிறது சும்மா வராது.

அதே சீசன்ல இன்னொரு ஜோடி, ரஷ்யாவோட ஒக்ஸானா டொம்னினா - மாக்ஸிம் ஷபாலின். அப்போ உலக சாம்பியன்கள். அவங்க எடுத்தது ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட நடனம். உடம்போட ஒட்டின பழுப்பு உடை, மேல வெள்ளைக் கோடு, இடுப்புல இலை. ஜனவரியில ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல அதைப் போட்டு ஆடினதும், ஆஸ்திரேலியப் பழங்குடித் தலைவர்கள் இது எங்களை அவமானப்படுத்துற மாதிரி இருக்குன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. வான்கூவர் ஒலிம்பிக்குக்கு வரும்போது உடையை மாத்தி, அடக்கி வாசிக்க வேண்டியதாச்சு.

ரெண்டுமே அடுத்தவங்க கலைதான். ஒருத்தர் கத்துக் கொடுக்கிற ஆளைத் தேடிப் போனாங்க, இன்னொருத்தர் அந்த மக்கள் நம்மளைப் பார்ப்பாங்கன்னே யோசிக்கல. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

வான்கூவர் முடிவு: விர்ச்சூ - மோயர் 221.57 புள்ளியோட தங்கம், டேவிஸ் - வைட் 215.74 வெள்ளி, ரஷ்ய ஜோடி 207.64 வெண்கலம்.

கேலண்டர் இருந்தா கெரியர் இருக்கும்

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு வேகமாச் சொல்றேன். 2011 உலக சாம்பியன்ஷிப் மார்ச்ல டோக்கியோவுல நடக்க வேண்டியது. மார்ச் 11 அங்க பூகம்பம், சுனாமி. போட்டியை கேன்சல் பண்ணிடுவாங்கன்னு நினைப்போம். இல்ல, தூக்கி மாஸ்கோவுக்கு மாத்தி, ஏப்ரல் கடைசியில நடத்தி முடிச்சாங்க. அதுல டேவிஸ் - வைட் தங்கம், ஐஸ் டான்ஸ்ல அமெரிக்காவோட முதல் உலகப் பட்டம். 2013-ல இன்னொரு பட்டம். 2014 சோச்சி ஒலிம்பிக்ல 195.52 புள்ளி, தங்கம். வெள்ளி அதே விர்ச்சூ - மோயர், 190.99. நாலு வருஷம் முன்னாடி தோத்த இடத்துல அதே ஆளுங்களை ஜெயிச்சாங்க.

திறமை, உழைப்பு எல்லாம் உண்மை. ஆனா கவனிச்சீங்களா, ஒவ்வொரு வருஷமும் அவங்களுக்கு ஆட ஒரு இடம் இருந்துச்சு. பூகம்பமே வந்தாலும் போட்டி நடந்துச்சு. தோத்தா, அடுத்த ஒலிம்பிக் எப்போ, எங்கன்னு தெரியும்.

இனி நம்ம ஜோடி

அனுப் குமார் யாமா. ஹைதராபாத்காரர். நான் போச்சம்பள்ளின்னு சொன்னாலே பெங்களூர்ல எல்லாரும் "ஓ, பட்டுப் புடவை!"ம்பாங்க. அது தெலங்கானா போச்சம்பள்ளி, இவரோட ஹைதராபாத் பக்கத்துல. நான் கிருஷ்ணகிரி மாவட்டம். சரி, விஷயத்துக்கு வரேன்.

அனுப் ஆடுறது ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங். ஃபிகர் ஸ்கேட்டிங்கோட கூடப் பிறந்த அண்ணன்னு வெச்சுக்கோங்க. அதே சுத்து, அதே ஜம்ப், அதே ஜோடி ஆட்டம். பிளேடுக்குப் பதிலா முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு சக்கரம், மூக்குல ஒரு ரப்பர் பிரேக். பிளேடுல ஓரத்துல சாயற மாதிரி இதுல சாய முடியாது. அச்சுக்கு நடுவுல இருக்கிற ரப்பரை உடம்பு எடையால அமுக்கினாத்தான் சக்கரம் திரும்பும். ஐஸ் ஷூவை விட கனமும் ஜாஸ்தி. அந்தக் கனத்தோட எகிறிச் சுத்தணும்.

ஏன் சக்கரம்? ஐஸ் எங்க இருக்கு சொல்லுங்க. சிம்லாவுல 1920-ல இருந்து ஒரு ரிங்க் இருக்கு, ஆனா அது இயற்கையா உறையணும், குளிர்காலம் மட்டும்தான். ஒலிம்பிக் அளவுல ஒரு இன்டோர் ரிங்க் இந்தியாவுக்கு வந்ததே 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக, டேராடூன்ல. அதுவும் அப்புறம் பல வருஷம் பூட்டிக் கிடந்துச்சு. 2025-லதான் திரும்ப ஓட ஆரம்பிச்சுது.

2010 நவம்பர், சீனாவுல குவாங்சோ. ஆசிய விளையாட்டுல முதல் தடவையா ரோலர் ஸ்போர்ட்ஸ் சேர்த்திருந்தாங்க. அனுப் ஆண்கள் தனிநபர் பிரிவுல வெண்கலம். அதோட அவனி பாஞ்சால்கூட ஜோடியா ஆடி இன்னொரு வெண்கலம். சரியாச் சொல்லணும்னா அது பேர்ஸ், டான்ஸ் பிரிவு இல்ல. ஆசிய விளையாட்டுல ரோலர் ஸ்கேட்டிங்ல இந்தியா வாங்கின முதல் மெடல்கள் இதுதான்.

சரி, அடுத்த ஆசிய விளையாட்டுல இதைத் தங்கம் ஆக்கலாம்னு அந்த ஜோடி நினைச்சிருந்தா? 2014 இஞ்சியோன்ல ரோலர் ஸ்போர்ட்ஸே கிடையாது. 2018 ஜகார்த்தாவுல சேர்த்தாங்க, ஆனா ஸ்பீடும் ஸ்கேட்போர்டும் மட்டும். ஆர்ட்டிஸ்டிக் திரும்ப வந்தது 2023-ல நடந்த ஹாங்சோ போட்டியில. அதுவும் தனிநபர் மட்டும், ஜோடிப் பிரிவு இல்ல. டேவிஸ் - வைட் ஜோடிக்கு நாலு வருஷத்துல ரெண்டாவது சான்ஸ் வந்துச்சு. இவங்களுக்கு ஜோடியா அந்த மேடை அதுக்கப்புறம் வரவே இல்ல.

உலக சாம்பியன்ஷிப் தனியா நடந்துட்டுதான் இருந்துச்சு, அனுப்பும் விடல. 2015-ல அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தாங்க. ஆனா நம்ம நாட்டுல ஒரு ஆட்டத்துக்கு ஸ்பான்சர், வேலை, லீவு, டிவி எல்லாம் வர்றது ஒலிம்பிக், ஆசியான்னு பேர் இருந்தாத்தான். அந்த லிஸ்ட்ல இருந்து ஒரு பிரிவை எடுத்துட்டா, ஆடுறவன் கால்ல இருந்து தரையை உருவின மாதிரி.

இதையே ஸ்பீடு பக்கம் வெச்சுப் பாருங்க. 2023 ஹாங்சோவுல ஸ்பீடு ஸ்கேட்டிங் இருந்துச்சு. நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் ரிலே டீம்ல வெண்கலம் வாங்கினார். 2025 உலக சாம்பியன்ஷிப்ல 1000 மீட்டர்ல தங்கமே வாங்கிட்டார். அதே சக்கரம், அதே நாடு. அவரோட உழைப்பு அவரோடது. ஓடுறதுக்கு ஒரு மேடையும் இருந்துச்சு.

அமெரிக்கக்காரங்க நம்ம பாட்டுக்கு ஆடினது தப்புன்னு நான் சொல்ல வரல. நல்லா ஆடினாங்க, மதிச்சுக் கத்துக்கிட்டாங்க. நான் கேக்குறது ரசிகர்களான நம்மளைத்தான். வெளிநாட்டுக்காரன் நம்ம மாதிரி ஆடினா புல்லரிச்சு ஷேர் பண்றோம். நம்ம ஆளு உலக ஆட்டத்தை ஆடினா, அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு கேக்குறோம். ஒரு ஆட்டத்தை லிஸ்ட்ல வெச்சிருக்கிறதும் தூக்குறதும் நம்ம கையில இல்ல. ஆனா யாரும் பார்க்காத ஆட்டத்தைத் தூக்குறது ரொம்ப ஈஸி.

அதனால ஒரு சின்ன வேலை. உங்க அபார்ட்மெண்ட்லயோ கார்ப்பரேஷன் பார்க்லயோ சின்னப் பசங்க ஸ்கேட்டிங் கிளாஸ் போறதைப் பார்த்தா, எல்லாரும் வேகமா ரவுண்டு அடிச்சுட்டு இருப்பாங்க. அதுல ஒரு பாப்பா மட்டும் ஓரமா நின்னு ஒத்தைக் கால்ல சுத்திப் பார்த்துட்டு இருக்கும். ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. அவங்க அம்மா அப்பாகிட்ட அனுப் குமார் யாமா, அவனி பாஞ்சால்னு ரெண்டு பேரையும் சொல்லுங்க.