நிலம் எடுக்கும் சட்டமும் நிலத்துக்குரியவரின் குரலும்



இந்தியாவில் நெடுஞ்சாலை வழக்குகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் வளர்ச்சியா சுற்றுச்சூழலா என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறது. தீர்ப்புகளை ஊன்றிப் படிப்பவர்க்கோ, நிலத்துக்குரியவரின் சொல் எந்தக் கட்டத்தில், யாரால் கேட்கப்படுகிறது என்பதே இவ்வழக்குகள் பலவற்றின் உள்முடிச்சாகத் தெரியும்.

1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில், நிலம் எடுப்பதை விரைவாக்க 1997இல் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி, நிலம் எடுக்கும் எண்ணத்தை அரசு 3ஏ பிரிவின் கீழ் அறிவிக்கையாக வெளியிடும். உரியவர் 21 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். அதன்பின் 3டி பிரிவின் கீழ்ச் செய்யப்படும் அறிவிப்போடு நிலம் வில்லங்கம் ஏதுமின்றி மத்திய அரசைச் சேர்ந்துவிடும். ஆனால் அறிவிக்கையில் புல எண் அச்சாகும் முன்பே சாலையின் தடம் திட்ட அறிக்கையில் வரையப்பட்டுவிடுவதால், ஆட்சேபணை விசாரணை பெரிதும் சடங்காகவே சுருங்கிப்போகிறது.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கு இதற்குத் தெளிவான சான்று. ஐந்து மாவட்டங்களின் ஊடாக ஏறத்தாழ 277 கிலோமீட்டர் செல்லவிருந்த அச்சாலைக்கான அறிவிக்கைகளை, சுற்றுச்சூழல் முன் அனுமதி பெறாததை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்துசெய்தது. 3ஏ அறிவிக்கைக்கு முன் அவ்வனுமதி தேவையில்லை, பணி தொடங்கும் முன் பெற்றால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அதை மாற்றியது. எனினும், வெறும் 3ஏ அறிவிக்கையை வைத்தே வருவாய்க் கணக்குகளில் உரிமையாளர் பெயரை மாற்றியிருந்ததை அந்நீதிமன்றமும் ஏற்கவில்லை. சட்டப்படி கைமாறாத நிலம் கிராமக் கணக்கில் முன்கூட்டியே கைமாறியிருந்தது என்னும் இச்செய்தி, அனுமதி பற்றிய வாதங்களுக்கு நடுவே உரிய கவனம் பெறாமற் போனது வியப்புக்குரியது.

தடத்தை எதிர்க்க வழி குறுகும்போது பூசல் இழப்பீட்டின் பக்கம் திரும்புகிறது. விருப்பமின்றி நிலம் கொடுப்பவர்க்குச் சந்தை மதிப்பின் மேல் 30 விழுக்காடு வழங்கப்பட்டுவந்த ஆறுதல் தொகையை, நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தவர்க்கு மட்டும் 3ஜே பிரிவு மறுத்துவந்தது; அது சமத்துவ உரிமைக்கு முரண் என்று தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது 2019 செப்டம்பரில்தான்.

தொகையில் உடன்பாடில்லாதவர் அடுத்துச் செல்லவேண்டிய நடுவரை நியமிப்பதும் மத்திய அரசே. நடைமுறையில் அப்பொறுப்பு மாவட்ட ஆட்சியர் போன்ற அரசு அதிகாரியிடமே சென்றுசேர்கிறது. தமிழகத்திலிருந்து சென்ற ஹக்கீம் வழக்கில், சதுர மீட்டருக்கு 46.55 முதல் 83.15 ரூபாய் வரை அதிகாரி நிர்ணயித்த விலையை நடுவரான ஆட்சியரும் உயர்த்தவில்லை. மாவட்ட நீதிமன்றமே அதை 645 ரூபாயாக உயர்த்தியது. நடுவரின் தீர்ப்பை ரத்துசெய்யலாமேயன்றித் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2021இல் கூறிய உச்ச நீதிமன்றம், அவ்வழக்கின் சூழலைக் கருதி உயர்த்தப்பட்ட தொகையில் தலையிட மறுத்தது. உழவர்கள் சட்டக் கேள்வியில் தோற்றுப் பணத்தைக் காத்துக்கொண்ட விந்தையான முடிவு அது. வரம்புக்குட்பட்ட திருத்த அதிகாரம் உண்டு என்று 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு கூறியிருப்பதால், அந்த வரம்புக்குள் நிலத்தின் விலையை உயர்த்துவது அடங்குமா என்பதும், அரசு நியமிக்காத நடுவரிடம் இவ்விசாரணையை ஒப்படைக்கச் சட்டத்தின் எந்தச் சொற்களைத் திருத்தவேண்டும் என்பதும் இம்மாநாட்டின் முதல் அமர்வு ஆராயவேண்டிய கேள்விகளாகும்.