செல்போனில் பிழைத்தவன் வெள்ளத்தில் பிழைப்பானா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்துக்காரன் ஜாம்பியைப் பத்திப் பேசுறேன். "வேற தலைப்பே கிடைக்கலையா?"ன்னு முணுமுணுக்கிறது கேட்குது! தலைப்பைக் கொடுத்ததே மாணவத் தம்பிகள்தான். "ஜாம்பி படமும் வீடியோ கேமும் ஆபத்துல தப்பிக்கக் கத்துக்கொடுக்குது, பெரியவங்க வீணாத் திட்டுறீங்க" என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜாம்பி என்றால் செத்த பின்னும் நடமாடும் பிணம். 2016-இல் வந்த 'மிருதன்' பார்த்தவர்களுக்குத் தெரியும். 2011 மே மாதம் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், "ஜாம்பி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு பிரசாரம் நடத்தியது. தண்ணீர், கெடாத உணவு, மருந்து, டார்ச் லைட், முக்கியப் பத்திரங்களின் நகல், குடும்பம் பிரிந்தால் கூடும் இடம். ஜாம்பிக்குச் சொன்ன இதே ஏற்பாடுதான் புயலுக்கும் பூகம்பத்துக்கும். படித்தவர் கூட்டம் தாங்காமல் அந்த இணையதளமே படுத்துவிட்டது. கொரோனா காலத்தில் செய்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வும், திகில் பட ரசிகர்கள் மனம் கலங்கியது குறைவு என்றது. பயத்துக்கு ஒத்திகை பார்த்த மனசு கொஞ்சம் நிதானமா இருக்கும்போல. அந்த அளவுக்குத் தம்பிகள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

இனி நம்ம மாவட்டத்துக்கு வாங்க. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. நமக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார் நிலைய அதிகாரி. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போயிருந்தன. சுமார் 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளம் சூழச் சிக்கினார்கள். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள். ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது.

ஜாம்பி கதையின் சட்டம் என்ன? கதவைச் சாத்து, ஆயுதத்தை எடு, அடுத்தவனை நம்பாதே. புதுக்குடிக்காரங்க செஞ்சது நேர் எதிர். முன்பின் தெரியாதவனுக்கு அடுப்பு மூட்டினாங்க. 800 பேரைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இது நம் கடற்கரைக்குப் பழைய பாடம். 1961-இல் கடைசியாக முத்துக்குளித்த தூத்துக்குடிக் கடலில், கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினான் குளியாளி. அவன் உயிர் மேலே வள்ளத்தில் கயிறு பிடித்தவன் கையில். நம்பிக்கையான ஆளிடம்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள். கேமில் செத்தால் மறுபடி பொத்தானை அமுக்கலாம். குளியாளிக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொன்று, விரலுக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியாது. வேகமாய் ஓடும் வெள்ளம் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். இரண்டடி இருந்தால் காரையே மிதக்கவிடும். ஸ்கிரீனில் ஆற்றைத் தாண்டினவனுக்கு இந்த இழுப்பு தெரியுமா? வயிற்றுப்போக்குக்காரனுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சமட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கணும் என்பதை எந்த ஜாம்பி சொல்லும்? மூச்சு நின்றவன் நெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கணும். அதைக் கையால் செய்து பழகாதவனுக்கு அந்த நேரத்தில் கை ஓடாது.

ஆகவே, தம்பிகளே, கேமை ஆடுங்க. அது ஆசையைக் கிளப்பட்டும். பாடத்தை நாம் நடத்துவோம். நம்ம பக்கம் கரிசல்காடு. நீச்சல் தெரியாத பிள்ளைகள் நிறைய. மழை இன்னொரு தடவை வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சங்கம் இந்த வருஷம் மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்க வைத்திருக்கும் பணத்தில் பாதியை நீச்சலுக்கும் முதலுதவிப் பயிற்சிக்கும் ஒதுக்கணும் என்று முன்மொழிகிறேன். சுவர் ஒரு வருஷம் பொறுக்கும். வழிமொழிபவர்கள் கை தூக்குங்கள்.