டயாலிசிஸ் மையமா, வீடு தேடிப் பரிசோதனையா? – முடிவுக்கு முன் மஷூரா

(மஹல்லா பொதுக்கூட்டத்தில் அறக்கட்டளை நிர்வாகி ஆற்றிய உரை)





நம் இலவச மருத்துவமனையை அடுத்து எப்படி விரிவாக்குவது? டயாலிசிஸ் மையம் வேண்டும் என்கிறார்கள் சிலர். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வீடு தேடிச் சென்று பரிசோதித்தால், சிறுநீரகம் கெடுவதையே பலருக்குத் தடுக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நியாயமே. கையிருப்பு ஒன்றுக்குத்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் 4 மணி நேரம். ஓர் இயந்திரத்தில் நாளைக்கு இருவர் வீதம் வாரம் 6 நாள் என்றால் 12 முறை. வாரம் 3 முறை தேவைப்படுவோரில் 4 பேருக்குத்தான் இடம். ஐந்து இயந்திரம் வாங்கினால் 20 பேர். 21-ஆவது ஆளுக்கு வாசலில் என்ன பதில் சொல்வோம்? மூன்றாவது ஷிப்ட் சேர்த்தால் 30 பேர். ஆனால் முடிய இரவு ஒன்பது மணியாகும். தளர்ந்த உடம்போடு அந்நேரம் பெண்கள் வீடு திரும்ப முடியுமா? ஒரு முறைக்குச் சுத்திகரித்த தண்ணீர் 120 லிட்டர் வரை வேண்டும். கோடையில் தெருவின் போர் தாங்குமா?

பரிசோதனைத் திட்டத்திலும் கேள்விகள் உண்டு. சர்க்கரை என்று கண்டறிந்தபின் மாதாமாதம் மாத்திரை யார் தருவது? அதன் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். இன்றைய நோயாளி அதுவரை காத்திருப்பாரா?

இவற்றுக்கு நிர்வாகிகள் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து விடை காண முடியாது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி வந்தது. கலீஃபா தாமாகவே முடிவெடுத்திருக்கலாம். முஹாஜிர்களைக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடலாம் என்று அவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். அதன்படியே திரும்பினார்கள். 1978-இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடும், மருத்துவ சேவையைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று அறிவித்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள். டயாலிசிஸ் செய்துகொள்வோரின் வீடுகளுக்கு நாங்களே வருகிறோம். மனம் விட்டுப் பேசுங்கள். பெண்களுக்குத் தனி அமர்வு உண்டு, தவறாமல் வாருங்கள். ஜகாத் பணத்தை எதற்குச் செலவிடலாம், ஸதக்காவை எதற்குச் செலவிடலாம் என்பதை ஆலிம்கள் தெளிவாக்கித் தர வேண்டும்.

எந்த முடிவானாலும் அதன் கணக்கையும் காரணத்தையும் இந்த இதழில் வெளியிடுவோம். ஏற்கப்படாத யோசனைக்கும் ஏன் ஏற்கவில்லை என்று பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபா தருவானாக. ஆமீன்.