பிரெஞ்சும் ஸ்பானியமும் பயில்வோர் பெறுவது



பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சையோ ஸ்பானியத்தையோ முதன்மைப் பாடமாகக் கொள்ளும் மாணவரை நோக்கி எழும் முதற்கேள்வி, "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்பதே. ஆசிரியப் பணி, சுற்றுலா, வணிக நிறுவனங்களின் மொழிபெயர்ப்புப் பிரிவு என்று விடை கூறலாம், அது பொய்யன்று. எனினும், கவிஞர்கள் கூடிய இவ்வவையில் நான் சொல்ல விழைவது வேறு.

ரசீன் இயற்றிய 'ஃபேத்ர்' நாடகம் 1677இல் பாரிசில் அரங்கேறியது. அரசி ஃபேத்ர் தன் கணவனின் மகனான இப்போலித்தின்மீது காதல் கொண்டு மறைத்து வைக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் அவனிடம் பேசத் தொடங்கும்போது 'வூ' என்கிறாள். நம் 'நீங்கள்' போன்றது அது. மறைத்தது வெடித்து வெளிப்படும் கணத்தில் அச்சொல் 'தூ' ஆகிறது, அதாவது 'நீ'. ஓர் அரசியின் மானம் அந்த ஓரசைச் சொல்லிலே சரிந்துவிடுகிறது! இக்கால ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஆங்கிலவழித் தமிழாக்குபவர் எந்த இடத்தில் 'நீங்கள்' 'நீ' ஆகிறது என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். இரு சொற்களும் நம்மிடம் இருந்தும் பயன்படாமற் போகும் அவலத்தை என்னென்பது?

கமுய் 1942இல் வெளியிட்ட நாவலிலும் இத்தகைய நுட்பமுண்டு. கதை சொல்வதற்கென்று பிரெஞ்சில் மரபாக இருந்துவந்த ஏட்டு இறந்தகாலத்தைப் பெரிதும் விலக்கி, வீட்டுப் பேச்சின் இறந்தகாலத்தில் அவர் எழுதினார். சார்த்தர் 1943இலேயே இதனை ஆராய்ந்தார். செந்தமிழும் பேச்சுத்தமிழும் அறிந்த நமக்கு இதன் துணிவு எளிதில் விளங்கும். வெ. ஸ்ரீராம் அதனைப் பிரெஞ்சிலிருந்தே நேரடியாக 'அந்நியன்' என்று 1980இல் தமிழாக்கினார் என்பது நமக்குக் கிடைத்த பேறு.

ஸ்பானியத்தில் கடல் என்னும் சொல் ஆண்பாலாகவும் வரும், பெண்பாலாகவும் வரும். பொதுவழக்கு ஆண்பால், மீனவரும் கவிஞரும் பெண்பாலாக்கிக் கொஞ்சுவர். 'இருத்தல்' என்பதற்கும் அங்கே இரு வினைகள்: ஒன்று இயல்பைச் சொல்லும், மற்றொன்று நிலையைச் சொல்லும். ஒருவர் இயல்பிலேயே துயரமானவரா, இன்று மட்டும் துயருற்றிருக்கிறாரா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். இவற்றை அகராதி கற்றுத் தராது. வினைத்திரிபு அட்டவணைகளோடு மல்லாடி (அந்தக் கசப்பைப் பயின்றவரே அறிவர்), பக்கம் பக்கமாகப் படித்து, ஆண்டுக்கணக்கில் செவியைப் பழக்கினால்தான் கைவரும். பட்டப்படிப்பு தருவது அந்தக் கால அவகாசத்தையே.

ஆங்கிலவழி வந்த மொழிபெயர்ப்புகளை நான் இகழவில்லை. அவற்றால் வளர்ந்தவர்களே நாம். ஆயினும் லத்தீன் அமெரிக்கக் கவிதைகளில் பெரும்பகுதி இன்னும் அவ்வழியேதான் நம்மை வந்தடைகிறது. புதுவையிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் இம்மொழிகளைப் பயிலும் தமிழ் மாணவர்களை இவ்வட்டம் தேடி அழைக்க வேண்டும். அடுத்தமுறை ஸ்பானியக் கவிதையொன்று இங்கே தமிழில் படிக்கப்படும்போது, மூல ஏட்டை விரித்துவைத்துக்கொண்டு அவர்களுள் ஒருவர் கவிஞரின் அருகில் அமர்ந்திருக்கட்டும்.